சாய்ந்த பலா மரத்தை என்ன செய்யலாம்?

தோட்டத்தில் நின்ற பலா மரம் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது, வயது 50க்குக் குறையாது, அடிமரம் 8 அடி நீளத்துக்குக் கிளையில்லாமல் இருக்கிறது, நடுச்சுற்றளவு 5 அடி, விறகுக்குக் கேட்டு ஆள் வந்துபோகிறது, இதில் வாசல் நிலையும் கதவும் ஒரு சாப்பாட்டு மேசையும் செய்துகொள்ள முடியுமா, செய்தால் தேக்குக்கு ஈடாக உழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். விறகுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்பது என் முதல் பதில். மற்றதைச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பலாவைப் பழத்துக்காக மட்டும் மதிப்பவர்கள் அதன் கட்டையை அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். அதைத் தேக்கின் மலிவுப் பதிப்பாக நினைப்பவர்கள் தேக்கைப் போலவே நடத்தி, ஓராண்டு கழித்துப் பலகை வெடித்துவிட்டதென்று குறைப்படுகிறார்கள். அதற்கென்று சில குணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு அறுத்தால், உங்கள் காலத்தைத் தாண்டியும் நிற்கக்கூடிய மரம் அது.

பலா அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆலும் அரசும் முசுக்கட்டையும் ஆயினியும் அதற்கு உறவு. பட்டையைக் கீறினால் பால் வடிவது இந்தக் குடும்பத்துக்குப் பொதுவான அடையாளம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளே இதன் தாயகம் என்று கருதப்படுகிறது. காட்டில் மற்ற மரங்களோடு போட்டியிட்டு வளரும் பலா நெட்டையாக எழும்பி நீண்ட அடிமரம் தரும். தோட்டத்தில் வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் ஆளுயரத்திலேயே கிளை பிரிந்துவிடும். ஆகவே, தோட்டத்துப் பலாவில் 8 அடி கிளையற்ற அடிமரம் கிடைத்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பலா அடிமரத்திலேயே காய்க்கிற மரம் என்பதால், ஆண்டுதோறும் காய் பிடித்த இடங்களில் பட்டையின்மேல் முண்டு முண்டாக இருக்கும். அவற்றுக்கு நேர் உள்ளே மரத்தின் நார் சுழித்துக்கொண்டு ஓடும். மேசைப் பலகையில் அந்தச் சுழி அழகாகத் தெரியும். நிலைச் சட்டத்தில் வந்தால் அது பலவீனம். எந்தப் பக்கத்தில் முண்டு அதிகம் என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் பலகைக்கு, எந்தப் பக்கம் சட்டத்துக்கு என்பதை அறுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

இனி, மரம் எவ்வளவு தேறும் என்ற கணக்கு. மரக்கடைகளில் உருட்டுக் கட்டையை அளக்கும் வழக்கமான முறை, நடுச்சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதாகும். உங்கள் கட்டையின் சுற்றளவு 60 அங்குலம். நான்கில் ஒரு பங்கு 15 அங்குலம். 15ஐ 15ஆல் பெருக்கி, 8 அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 12.5 கன அடி வரும். கட்டையின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 16 கன அடி. இந்தக் கணக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தானாகவே கழித்துவிடுகிறது. பட்டை, முதுகுப் பலகை, ரம்பத் தூள் என்று போகும் சேதத்துக்கான கழிவு அது. ஆனால் பலாவில் இதற்கு மேலும் ஒரு கழிவு உண்டு. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கழிவு வெள்ளை. பெரும்பாலான மரங்களில் நடுவில் வைரம், அதைச் சுற்றி வெள்ளை என்று இரண்டு பகுதிகள் உண்டு என்றாலும், பலாவில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஏணி வைத்தாலும் எட்டாது. வைரத்தைக் கரையானும் பூசணமும் எளிதில் தொடுவதில்லை. வெள்ளையிலோ மாவுச்சத்து நிறைந்திருப்பதால், காய்ந்த சில மாதங்களிலேயே துளைவண்டு புகுந்து, கைவைத்தால் மாவாக உதிரும் அளவுக்கு உளுத்துப்போகும். உங்கள் கட்டையின் விட்டம் சுமார் 19 அங்குலம். சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை என்று வைத்துக்கொண்டால், வைரம் 15 அங்குல விட்டத்துக்குத்தான் இருக்கும். அதாவது வெட்டு முகப்பின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்குதான் வைரம். இளமரத்தில் இந்தப் பங்கு இன்னும் குறைவு. 15, 20 வயதுப் பலாவை வெட்டிக் கதவு செய்துவிட்டு, பலா உளுத்துப்போகும் மரம் என்று சொல்பவர்கள் உண்மையில் வெள்ளையைத்தான் குறை சொல்கிறார்கள். 50 வயது மரம் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

வெள்ளையையும் வைரத்தையும் பிரித்தறிவது கடினமல்ல, ஏனென்றால் நிறமே சொல்லிவிடும். அறுத்த அன்று வெள்ளை வெளிறிய பாலாடை நிறத்தில் இருக்கும். வைரம் அரைத்த மஞ்சளைப் போலப் பளிச்சென்றிருக்கும். அந்த மஞ்சள் நிலைக்காது. வெளிச்சம் படப்படத் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகி, பல ஆண்டுகளில் பழைய தேக்கோ என்று ஐயப்படும் அளவுக்கு இருண்டுவிடும். பட்டறையில் ஒருமுறை, புதிதாக இழைத்த பலாப் பலகையின்மேல் முக்கோண மூலைமட்டத்தை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். ஜன்னலோரப் பலகை அது. இரண்டு வாரம் கழித்து வந்து எடுத்துப் பார்த்தால், சுற்றிலும் பழுப்பேறிய பலகையின் நடுவே மூலைமட்டத்தின் வடிவம் மஞ்சளாகப் பதிந்திருந்தது. அதைப் போக்க இழைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பலகையை அப்படியே வெயில் படும் இடத்தில் விட்டதும் சில வாரங்களில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மேசை செய்து முடித்த முதல் சில மாதங்களுக்கு அதன்மேல் விரிப்பையோ பூச்சாடியையோ ஒரே இடத்தில் வைத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்த மஞ்சளுக்குக் காரணமான பொருளின் பெயர் மோரின். பலா வைரத்தின் சீவலையோ தூளையோ நீரில் கொதிக்க வைத்து, படிகாரம் சேர்த்தால் துணியில் நிற்கும் மஞ்சள் சாயம் கிடைக்கும். பர்மாவிலும் தாய்லாந்திலும் புத்த பிக்குகளின் சீவர ஆடைக்கு நிறமேற்றியது இந்தச் சாயம்தான். படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு மோரின் இறுகச் சேர்ந்துகொள்ளும் குணம் வேதியியலாருக்கும் பயன்பட்டிருக்கிறது. நீரில் நுண்ணளவில் அலுமினியம் இருந்தாலும் மோரின் சேர்த்துப் புற ஊதா ஒளியில் பார்த்தால் பச்சையாக ஒளிரும். தச்சனுக்கு இதனால் வரும் தொல்லை சிறியது: வியர்த்த கையோடு பலாத்தூளைத் தொட்டால் கையும் சட்டையும் மஞ்சளாகும். ஈரப் பலகையில் இரும்பாணியை அடித்து அப்படியே விட்டால் ஆணியைச் சுற்றிக் கறுத்த கறை படியும். இந்த மரத்துக்குப் பித்தளைத் திருகாணியோ துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோதான் பொருத்தம்.

எடையில் பலா நடுத்தரமானது. காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 550 முதல் 700 கிலோ வரை இருக்கும். கன அடிக் கணக்கில் 16 முதல் 20 கிலோ. தேக்கும் ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் வரும் என்பதால், கையில் தூக்கிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. 1906இல் தேராதூனில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மரங்களின் வலிமையைத் தேக்குக்கு 100 என்று வைத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லும் வழக்கத்தைக் கொண்டது. அந்த ஒப்பீட்டில் பலா, பாரம் தாங்குவதிலும் வளைந்து நிமிர்வதிலும் தேக்குக்குக் கீழேதான் நிற்கிறது. எனவே நீண்ட உத்திரம், கூரையின் பாரம் தாங்கும் விட்டம் ஆகியவற்றுக்குப் பலாவை நான் பரிந்துரைப்பதில்லை. கதவு, அலமாரி, மேசை, கட்டில், பெட்டி என்று பாரத்தைவிட வடிவம் முக்கியமான வேலைகளில் அந்தக் குறைவு கணக்கில் வராது.

பலாவின் நார் ஓட்டத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதன் நல்லதும் கெட்டதும் அங்கேதான் இருக்கிறது. தேக்கின் நார் பெரும்பாலும் நேராக ஓடும். பலாவின் நார் சில ஆண்டு வளர்ச்சிக்கு இடப்பக்கமாகவும் அடுத்த சில ஆண்டு வளர்ச்சிக்கு வலப்பக்கமாகவும் சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னியது போல வளரும். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையில் இந்தப் பின்னல், வெளிச்சத்துக்கு ஏற்ப ஒளிர்ந்து மங்கும் நாடா நாடாவான கோடுகளாகத் தெரியும். பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால் பட்டுச்சேலையில் நிறம் மாறுவது போல மாறும். ஆனால் அதே பலகையில் இழைப்புளியை ஓட்டினால், ஒரு நாடா வழுவழுப்பாக வரும்போது அடுத்த நாடா நார் பிய்ந்து சொரசொரக்கும். திரும்பி எதிர்த்திசையில் இழைத்தால் முதல் நாடா பிய்யும். இதற்குத் தீர்வு, இழைப்புளியின் அலகை மயிரிழை அளவுக்கே வெளியே விட்டு, நன்றாகத் தீட்டி, பலகையின் குறுக்கே சற்றுச் சாய்த்துப் பிடித்து இழைப்பது. அப்படியும் பிய்ந்த இடங்களைத் தகட்டால் சுரண்டிவிட்டு, பிறகுதான் உப்புத்தாளிட வேண்டும். எந்திரத்தில் இழைப்பவராக இருந்தால், ஒரே ஓட்டத்தில் ஆழமாக எடுக்காமல் நான்கைந்து ஓட்டங்களில் எடுக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

இந்தப் பின்னலே மரத்தைப் பிளவுபடாமல் காக்கிறது. நேர் நார் கொண்ட மரத்தைக் கோடரியால் ஓங்கினால் கீழ்வரைக்கும் இரண்டாகப் பிரியும். முதிர்ந்த பலாவில் கோடரி கடித்துக்கொண்டு நிற்கும். ஓரத்துக்கு அருகே துளையிட்டாலும் கழுந்து செருகினாலும் முனை தெறிக்காது. நுணுக்கமான செதுக்கு வேலையில் மெல்லிய இதழோ கொடியோ குறுக்கு நாரில் உடைந்து விழுவது குறைவு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தால், தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் கடைந்து செதுக்கிய தூணைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூ வேலையின் விளிம்புகள் இன்னமும் கூர் மழுங்காமல் நிற்கின்றன. பலாவில் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால், விளக்கம் சொல்வதைவிட அந்தத் தூணைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வதே எனக்கு எளிது.

இசைக்கருவி செய்பவர்கள் பலாவை நாடுவதற்கும் பாதிக் காரணம் இந்தப் பின்னல்தான் என்பது என் எண்ணம். மிருதங்கக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டையைக் குடைந்து, நடுவில் பருத்து இரு முனையிலும் குறுகிய கூடாக்கி, வலமுகத் தோலான வலந்தலைக்கும் இடமுகத் தோலான தொப்பிக்கும் இடையே வாரை இழுத்துக் கட்டுகிறார்கள். சுருதி கூட்டும்போதெல்லாம் அந்த வார் இறுகி, கூட்டின் விளிம்பை ஓயாமல் அழுத்துகிறது. நேர் நார் மரமாக இருந்தால் நீளவாக்கில் கோடு விழுந்துவிடும், பலா தாங்கும். தவிலின் உடலும் கஞ்சிராவின் வளையமும் கேரளத்துச் செண்டையின் குற்றியும் பலாவே. வீணைக்கு வந்தால், தஞ்சாவூரில் குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் பலாவில்தான் செதுக்குகிறார்கள். முழுவதையும் ஒரே கட்டையில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. பகுதி பகுதியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து வைக்கும் அந்தத் தண்டி, பருவத்துக்குப் பருவம் முறுக்கிக்கொண்டால் மெட்டுகளின் மட்டம் கெட்டுவிடும். காய்ந்த பிறகு அதிகம் அசையாமல் கிடக்கும் மரமாக இருப்பதால்தான் பலா அங்கே நிலைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான மரம் பெரும்பாலும் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருவது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் அந்தப் பகுதியின் முந்திரியும் பலாவும் பெருமளவில் சாய்ந்தன. ஒரு முதிர்ந்த பலா உருவாக ஒரு தலைமுறைக் காலம் வேண்டும் என்பதை நினைத்தால், அந்த ஓர் இரவின் இழப்பு எத்தகையது என்பது விளங்கும்.

எல்லாக் கருவிக்கும் பலாதான் என்று நினைத்துவிட வேண்டாம். நாகஸ்வரத்துக்கு ஆச்சா மரம். அதுவும் பழைய வீடுகளில் உத்திரமாக இருந்து நெடுங்காலம் காய்ந்த ஆச்சாவையே தேடுவார்கள். பலாவைவிட அது மிகவும் கனமான மரம். நெடுக நேராகத் துளையிடும் வேலைக்கு அது பொருந்துகிறது. பெரிய கூடாகக் குடைந்து தோளிலும் மடியிலும் வைத்து வாசிக்கும் கருவிக்குப் பலாவின் நடுத்தர எடை பொருந்துகிறது. கோயிலுக்கு அருகே மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் நாதம் நன்றாக வரும் என்று கருவி செய்பவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மணியோசை மரத்துக்குள் போகிறதா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கோயிலடி மரத்தை யாரும் இளமையிலேயே வெட்டத் துணிவதில்லை என்பதால், அது வைரமேறி முதிர்ந்த மரமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் கெண்டாங் என்னும் இருமுக முழவைப் பலாவில்தான் குடைகிறார்கள். வியட்நாமில் புத்தர் சிலைகளுக்குப் பலாவை விரும்பித் தேர்கிறார்கள். அங்கெல்லாம் நம் கோயில் மணி கேட்டிருக்க வாய்ப்பில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாசல் நிலைக்கு இந்த மரத்தைப் பயன்படுத்தலாமா என்றால், மழைச் சாரல் நேரே அடிக்காத உள்வாசலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தெருவாசலுக்கு, முன்னே தாழ்வாரமோ போர்டிகோவோ இருந்தால் மட்டுமே சரியென்பேன். நிலையின் அடிப்பகுதி தரையோடு சேரும் இடத்தில் ஈரம் ஏறும். அந்த ஓரடிக்கு வெள்ளை துளியும் இல்லாத சட்டமாக இருக்க வேண்டும். கதவுக்கு ஐயமே வேண்டாம். சட்டமும் பலகையும் பலாவில் செய்த கதவுகள் தென் திருவிதாங்கூர் வீடுகளில் பரம்பரை பரம்பரையாக ஆடிக்கொண்டிருக்கின்றன. மேசைக்கு இதைவிட நல்ல உள்ளூர் மரம் சொல்வது கடினம். ஆனால் உங்கள் கட்டை ஒன்றிலிருந்து மூன்றும் தேறுமா என்பது வேறு கேள்வி. 12.5 கன அடியில் வெள்ளையையும், மரத்தின் நட்டநடுவே ஓடும் மென்மையான நடுத்தக்கையையும் கழித்தால், ஒரு கதவும் ஆறு பேர் உட்காரும் மேசை ஒன்றும் வரும். நிலையை வேறு மரத்தில் செய்துகொள்வதே கணக்குக்குப் பொருந்தும். ஒரே கட்டையில் எல்லாவற்றையும் எடுக்க முயன்றால், கடைசியில் வெள்ளை கலந்த பலகையைத்தான் கதவில் சேர்ப்பீர்கள்.

இப்போது காய வைப்பது. பலாவில் தோற்பவர்கள் பத்தில் ஒன்பது பேர் இந்தப் படியில்தான் தோற்கிறார்கள், நானும் தோற்றிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் வீட்டுக்கு ஒரு மேசை செய்தேன். பலகை நன்றாகக் காய்ந்தது என்று அறுப்பு மில்லில் சொன்னார்கள். தொட்டுப் பார்த்தேன், மேலே காய்ந்துதான் இருந்தது. மூன்று பலகையைப் பசையிட்டு ஒட்டி, அடியில் குறுக்குச் சட்டத்தோடு இறுகத் திருகாணி அடித்தேன். தை மாதம் கொடுத்தது. கத்திரி வெயில் முடிவதற்குள், ‘தம்பி, வந்து பார்’ என்று அண்ணன் அழைத்தார். ஒட்டு அப்படியே நின்றது, நடுப்பலகைதான் நீளவாக்கில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. பலகை சுருங்க விரும்பியது, குறுக்குச் சட்டம் விடவில்லை. பலவீனமான இடத்தில் அது கிழிந்தது. பிளவுபடாத மரம் என்று மேலே சொன்னது அடியைத் தாங்குவதைப் பற்றி. சுருக்கத்தை எந்தப் பின்னலும் தடுக்காது.

அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். மரம் வளர்ச்சி வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே மேசைப் பலகைக்கு, நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகைகளே நல்லவை. குறைவாக அசையும், நாடா அழகும் அவற்றில்தான் தெரியும். நடுத்தக்கை எந்தப் பலகையிலும் இருக்கக் கூடாது. அது இருக்கும் பலகை வெடித்தே தீரும். தேவையான தடிப்பைவிடக் கால் அங்குலம் கூடுதலாக அறுத்து, நிழலில், காற்றோட்டமான கொட்டகையில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே அளவான காய்ந்த ரீப்பர் துண்டுகளை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டில் வரும்படி வைக்க வேண்டும். வரிசை தப்பினால் பலகை அலை அலையாக வளைந்துவிடும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை: ஒரு பலகையைத் தேர்ந்து மாதம் ஒருமுறை எடை போட்டுச் சுவரில் குறித்துவாருங்கள். அறுத்த புதிதில் மளமளவென்று குறையும் எடை, போகப் போக மெதுவாகி, இரண்டு மாதம் தொடர்ந்து மாறாமல் நின்றால், அந்த இடத்துக் காற்றோடு மரம் சமமாகிவிட்டது என்று பொருள். பிறகு, மேசை இருக்கப்போகும் அறையிலேயே இன்னும் ஒரு மாதம் போட்டுவையுங்கள். செய்யும்போது, அடிச்சட்டத்தில் திருகாணித் துளையை வட்டமாக இடாமல் பலகையின் குறுக்குவாக்கில் நீள்துளையாக இட்டால், மரம் மழைக்கு விரிந்து கோடைக்குச் சுருங்க இடமிருக்கும். அண்ணன் வீட்டு மேசையை இப்படித் திருத்திக் கொடுத்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது.

அடுக்கும் முன் வெள்ளை ஒட்டியிருக்கும் பலகைகளுக்கு மட்டும், போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பச்சை ஈரத்தோடு இருக்கும்போதே பூசிவிடலாம். துளைவண்டை அது தடுக்கும். நீரில் கரையும் மருந்து என்பதால் மழையில் நனையும் சாமானுக்கு அது உதவாது. வைரத்துக்கு இந்த மருந்து தேவையில்லை.

மெருகைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலாவின் நுண்துளைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. கண்ணாடி போன்ற மேற்பரப்பு வேண்டுமென்றால் மக்கிட்டு அடைத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அந்தத் துளைகள் தெரிவதே பிடிக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகு இதன் மஞ்சளுக்கு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் சூடான பாத்திரம் வைக்கும் சாப்பாட்டு மேசையில் வெள்ளை வளையம் விழும். அங்கே பாலியூரித்தேனோ, இரண்டு மூன்று முறை பூசித் தேய்த்த ஆளிவிதை எண்ணெயோ மேல். தேக்கின் நிறம் வர வேண்டுமென்று சாயம் ஏற்றச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். நாலைந்து ஆண்டில் மரம் தானாகவே அந்தப் பக்கம் நகரும். அப்போது ஏற்றிய சாயமும் சேர்ந்து மேசை கறுத்துப்போகும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மலைப்பகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராக இருந்தால், 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரத்துக்கும் பொருந்தும் என்பதால், அறுப்பதற்கு முன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி பலாவை அனுமதியின்றி வெட்டவே முடியாது. அங்கே அதை உணவு தரும் மரமாக வைத்துக் காக்கிறார்கள்.

மரம் சாய்ந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் என்றால், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுண்டு: அடிமரத்தைக் கிளைக்குக் கீழே துண்டித்து, இரண்டு வெட்டு முகங்களிலும் பழைய எனாமல் பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ தடிப்பாகப் பூசிவிடுங்கள். ஈரம் நீளவாக்கில் வெட்டு முகத்தின் வழியாகத்தான் விரைந்து வெளியேறும். அதை அடைக்காமல் விட்டால் இரு முனையிலும் நட்சத்திரம் போல வெடித்து, உங்கள் 8 அடி 6 அடியாகிவிடும். கட்டையை வெயிலில் விடாமல் ஓலை போட்டு மூடி, மில்லில் நாள் கேளுங்கள். மேலே உள்ள பெரிய கிளைகளையும் விறகோடு சேர்க்க வேண்டாம். ஓரடி விட்டத்துக்கு மேல் இருக்கும் துண்டுகளைக் கஞ்சிரா, மிருதங்கம் செய்பவர்கள் எவராவது வந்து பார்க்கட்டும். வைரம் போதிய அளவு இருக்கிறதா என்பதை அவர்கள் கட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.